நான் இறங்கச் சொன்ன சனிக்கிழமை

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது நாலு, ஐந்தாவது என் தங்கச்சி மகன், அவள் போன பிறகு என்னிடம்தான் வளர்ந்தான். அந்த ஐந்து பேரில் ஒருத்தர்கூடப் பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தினது கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் அதைச் சொல்லுவார்கள். பிள்ளை வளர்த்தால் இவளை மாதிரி வளர்க்கணும் என்பார்கள். சொல்லட்டும். நான் மூணாங்கிளாஸோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதனால் இது மெதுவாகத்தான் வரும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

கடைசி மகன் அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம் பிளானோ என்கிற ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. அவனோடுதான் நான் இருக்கிறேன். நாற்பது வயதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “அம்மா, நான் ஃப்ளைட் ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன்” என்றான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து இன்னொரு தோசை போட்டேன். பிறகு பார்த்தால் நிஜம். கார் ஓட்ட லைசென்ஸ் வாங்குகிற மாதிரி இதற்கும் லைசென்ஸ் வாங்கி பர்ஸில் வைத்திருந்தான்.

அன்றையிலிருந்து எனக்கு சனி ஞாயிறு என்றாலே பயம். இந்த ஊரில் வீட்டுக்கு மேலே சின்ன விமானம் எந்நேரமும் போகும். அறுக்கிற மிஷின் சத்தம் மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்பேன். சத்தம் ஒரே சீராய்ப் போய்த் தேய்ந்தால் உள்ளே வருவேன். நடுவில் கொஞ்சம் மாறினாலும் முருகனைக் கும்பிடுவேன். அது அவன் ஓட்டுகிறதாகக்கூட இருக்காது. யார் பெற்ற பிள்ளையோ. ஆனாலும் கும்பிடுவேன்.

விமானம் அவனுடையது இல்லை. வாடகைக்கு எடுக்கிறது. நாலு பேர் உட்காரலாம். வாடகையும் பெட்ரோலும் சேர்ந்து ஒரு ஆளுக்குத் தாங்காது. அதனால் இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவன் எங்கேயோ போகிறான் என்றால், அதே ஊருக்குப் போகிற இன்னும் ரெண்டு மூன்று பேர் கூட ஏறிக்கொண்டு செலவைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவனும் தன் பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு டாலர் மிச்சம் பிடித்தாலும் அது கூலிக்கு ஓட்டினது ஆகிவிடுமாம். அதற்கு வேறே பெரிய லைசென்ஸ் வேண்டுமாம்.

கூட வருகிற ஆளை எங்கே பிடிக்கிறது? ஃபோனில்தான். நம் தமிழ் ஆட்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. ‘அம்மா தனியாக சென்னை போகிறார்கள், அதே ஃப்ளைட்டில் யாராவது போகிறீர்களா’ என்று கேட்பார்கள். ‘கிரைண்டர் விற்பனைக்கு’ என்று போடுவார்கள். அதில் என் மகன், ‘வர்ற சனிக்கிழமை ஹூஸ்டன் போறேன், ரெண்டு சீட் இருக்கு, செலவைப் பங்கு போட்டுக்கலாம்’ என்று போட்டுவிட்டான். அவனுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவருக்கு அது தெரிந்து, ஃபோன் பண்ணி நன்றாகத் திட்டினார். தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போ, முகம் தெரியாதவர்களை எல்லாம் கூவிக் கூப்பிட்டால் அது டாக்ஸி, லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்றாராம். இவன் உடனே அதை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் இவனோடு ஆபீஸில் வேலை செய்கிற ஒரு பையனின் அப்பா அதைப் பார்த்துவிட்டார். தெரிந்த மனிதர்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள், அவளுக்கு அந்தச் சனிக்கிழமை வளைகாப்பு. ஃப்ரீவேயில் காரில் போனால் முட்டி மடக்கி அஞ்சு மணி நேரம் உட்காரணும், தம்பி நீ போறதா இருந்தா நானும் வைஃபும் வர்றோம் என்றார். என் மகன், “சரிங்க அங்கிள்” என்றான்.

இவன் ‘சரிங்க’ என்பதற்கு நான்தான் காரணம். அதில் எனக்குப் பெருமைதான்.

மீதி ஒரு சீட் இருந்தது. என் மகளும் ஹூஸ்டனில்தான் இருக்கிறாள். நான் வருகிறேன் என்றேன். மருமகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அத்தை, உங்களுக்கு லிஃப்ட்லயே தலை சுத்துமே!”

“சுத்தட்டும். வீட்டுல உக்காந்து பயப்படறதுக்கு அவன் பக்கத்துல உக்காந்து பயந்துக்கறேன்.”

மகன் சிரித்தான். உங்களுக்குப் பங்கெல்லாம் வேண்டாம்மா, உங்க பங்கையும் நானே கொடுத்துக்கறேன் என்றான். நான் விடவில்லை. பிள்ளைகள் தீபாவளிக்குப் பொங்கலுக்கு என்று கொடுத்த டாலரை முடிந்து வைத்திருந்தேன். அதை எடுத்து அவன் கையில் வைத்தேன். நான் எந்த வண்டியிலும் ஓசியில் ஏறினவள் இல்லை.

சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடணும் என்று சொல்லியிருந்தான். ஏப்ரல் மாதம். காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேலே மேகம் கட்டும், இந்த டெக்சஸில் எப்போ இடிக்கும் என்று சொல்ல முடியாது என்றான். நாங்கள் நேரத்துக்கே அந்தச் சின்ன ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டோம். பஸ் ஸ்டாண்டை விடச் சின்னது. செக்கிங் கிடையாது, க்யூ கிடையாது. காரை நிறுத்திவிட்டு நடந்து போனால் விமானம் நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தகரம். விரலால் தட்டினால் ‘டொங்’ என்றது. கதவு பழைய அம்பாசிடர் கார் கதவு மாதிரி. இதிலா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அவர்கள் வரவில்லை. ஃபோன் பண்ணினால், பூ வாங்கப் போயிருக்கிறோம், இதோ கிளம்பிட்டோம், இதோ வந்துட்டோம் என்றார்கள். வந்தபோது கார் டிக்கி நிறைய சாமான். வளையல் அட்டைப் பெட்டி நாலு. புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஒவ்வொன்றும் ஒரு பெரிய அலுமினியத் தட்டு. என் மகன் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வைத்திருக்கிறோமே, அந்தக் கொக்கித் தராசில் ஒவ்வொரு பையாக மாட்டினான். பிறகு எங்கள் எடையையும் கேட்டான். அந்தம்மா வெட்கப்பட்டு அவன் காதில் சொன்னார்கள். அவர், “எண்பத்தஞ்சு, எண்பத்தஞ்சு, கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே வெயிட்!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “அப்பவே இப்படித்தான் இருந்தாரு” என்றார்கள் அந்தம்மா. கூட்டிப் பார்த்துவிட்டு மகன், “அங்கிள், ரெண்டு தட்டை இங்கயே விட்டுடணும்” என்றான். தயிர் சாதமும் தேங்காய் சாதமும் காருக்குத் திரும்பிப் போயின.

இதெல்லாம் முடிந்து ஏறலாம் என்றபோது அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். “ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சே” என்றார்.

ஊரில் சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. இங்கே சூரியன் வேறு நேரத்துக்கு எழுந்திருக்கிறானாம். ஃபோன் காட்டின கணக்கில் அது தள்ளிப் போய்ப் பதினொன்றே முக்காலுக்குத்தான் முடிந்தது.

“அங்கிள், இப்பக் கிளம்பினா மேகம் கட்டறதுக்குள்ள தாண்டிடலாம்.”

“தம்பி, தப்பா எடுத்துக்காத. புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு நல்ல காரியம் பண்ணப் போறோம். ராகு காலத்துல வாசப்படியே தாண்ட மாட்டேன் நான். இதுல ஆகாயத்துல வேற ஏறணுமா? வேணாம்ப்பா.”

“இல்லைங்க, வெதர்...”

“வெதர் என்னப்பா வெதர்! காரு மழையில ஓடலையா? மூணு மணிக்குள்ள வளையல் போட்டுடணும், அதுக்கப்புறம் எமகண்டம். பன்னெண்டுக்குக் கிளம்பினாலும் ரெண்டேகாலுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்னு நீதானே சொன்னே?”

நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான். அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் மகன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுக் கீழுதட்டை உள்ளே இழுத்து மடித்துக்கொண்டான்.

அந்த உதட்டைச் சொல்லவேண்டும். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம். பெரியவர்கள் எதையாவது செய்யச் சொல்லி, இவனுக்கு அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை என்றால் அந்த உதடு உள்ளே போய்விடும். அவன் சித்தப்பா அவனை டாக்டருக்குப் படி என்று சொன்ன அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்த உதடு வெளியே வரவே இல்லை. வேறு யாருக்கும் அது தெரியாது. அவன் பெண்டாட்டிக்கே தெரியுமோ என்னமோ.

“சரிங்க அங்கிள்” என்றான்.

பன்னிரண்டு மணிக்கு ஏறினோம். அவர்கள் ரெண்டு பேரும் பின்னால். நான் முன்னால், அவன் பக்கத்தில். காதுக்கு ரெண்டு டப்பி மாட்டிவிட்டான், வாய்க்கு முன்னால் ஒரு மைக். அது இல்லாவிட்டால் மிஷின் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. மாட்டினால் ஒருத்தர் மூச்சு விடுவதுகூட நாலு பேருக்கும் கேட்கும். எனக்கு நேரேயும் ஒரு ஸ்டியரிங் இருந்தது. அவன் தன்னுடையதைத் திருப்பினால் என்னுடையதும் தானாகத் திரும்பும். இழுத்தால் என் வயிற்றுக்குக் கிட்டே வரும். பேய் பிடித்த சாமான் மாதிரி. புடவைத் தலைப்பு அதில் மாட்டிவிடக்கூடாது என்று இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேலே கிளம்பியபோது வயிறு கீழேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். முருகா முருகா என்றேன். என் முருகா நாலு பேருக்கும் கேட்டிருக்கும். “அம்மா, பயப்படாதீங்க” என்று பின்னாலிருந்து அவர் குரல் என் காதுக்குள்ளேயே வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. கீழே காடு, குளம், தீப்பெட்டி வீடு. அந்தம்மா பின்னால், “எவ்வளவு அழகா இருக்கு பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறகு மகனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அதுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

பாதி வழி தாண்டியிருக்கும். எதிரே மேகம் வந்தது. முதலில் வெள்ளையாகக் காலிஃபிளவர் பூத்த மாதிரி. பார்க்கப் பார்க்க உயர்ந்துகொண்டே போயிற்று. அடியில் கரி பூசின மாதிரி இருந்தது. அந்தக் கரிக்குள்ளே ஒரு தடவை வெளிச்சம் அடித்தது. விமானம் லேசாக ஆட ஆரம்பித்தது. பிறகு லேசாக இல்லை. தூக்கிக் கீழே போட்டது. தலை மேல் கூரையில் இடித்தது. சாதத்தட்டு பின்னால் நகர்ந்து போகிற சத்தம் கேட்டது.

மகன் ரேடியோவில், கீழே இருக்கிற யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் பேசினான். அவர் வேகமாக ஏதோ சொன்னார். இவன் தன் முன்னால் வைத்திருந்த திரையைப் பார்த்தான். அதில் பச்சையும் மஞ்சளும் நடுவில் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சிவப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“அங்கிள், முன்னாடி கொஞ்சம் மோசமா இருக்கு. பக்கத்துல ஒரு சின்ன ஏர்போர்ட் இருக்கு. அங்க இறங்கி, இது போனதும் கிளம்பலாம்னு பாக்கறேன்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியலைங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம்.”

“அய்யய்யோ! அதெப்படிப்பா? அங்க பொண்ணை மனையில உக்கார வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க. வளையலே நம்மகிட்டதானே இருக்கு!”

“தெரியுதுங்க...”

“அதோ பாரு, லெஃப்ட்ல வெளிச்சமாத்தானே இருக்கு? அந்தச் சந்துல பூந்து போயிடேன். எவ்வளவு பேர் போறான்.”

“அது மூடிக்கிட்டு வருதுங்க அங்கிள்.”

“மூடறதுக்குள்ள போயிடலாம்ப்பா. நாங்களும் ஷேர் குடுத்துத்தானே வந்திருக்கோம்? எறங்கறதுன்னா எங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும் இல்ல?”

அந்தம்மா, “ஏங்க, அவனை விடுங்களேன்” என்றார்கள். “நீ சும்மா இரு” என்றார் அவர்.

நான் மகனைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே போய்விட்டது. கழுத்தில் வியர்வை ஓடியது. கை அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரலெல்லாம் வெளுத்திருந்தது. என் வயிற்றுக்கு நேரே இருந்ததும் நடுங்கிற்று. அது காற்றில் நடுங்கினதா அவன் கையில் நடுங்கினதா, தெரியாது.

“சரிங்க” என்றான். “சரிங்க, பாக்கலாம்.” விமானத்தை அந்த வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.

அந்த நேரத்தை எப்படி எழுதுகிறது? எனக்கு நாலு பிரசவமும் வீட்டில்தான் ஆனது. ஒரு தடவை கிணற்றில் விழுந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் என் கண் முன்னால்தான் மூச்சை விட்டார். எந்த நேரத்திலும் இப்படிப் பயந்ததில்லை. செத்துப்போவேன் என்ற பயம் இல்லை அது. எழுபத்தாறு வயதில் போனால் என்ன. நான் வளர்த்த வளர்ப்பு என் பிள்ளையைக் கொன்றுவிடும் என்ற பயம். இறங்கணும் என்று அவனுக்குத் தெரிகிறது. பெரியவர் சொல்லை மீறத் தெரியவில்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் நாங்கள் நாலு பேரும் அந்தக் கரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

அவன் காதில் தனியாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. எதைச் சொன்னாலும் அவருக்கும் கேட்கும். ‘டேய், அவர் பேச்சைக் கேக்காதே, இறக்கு’ என்று சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். இவன் ரெண்டு பெரியவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இன்னும் நடுங்குவான். எதிர்த்துப் பேச முடியாத ஒன்றைச் சொல்லவேண்டும். என் மானம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நினைக்கக்கூட நேரம் இருந்ததா, தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

“கண்ணு, எனக்கு அவசரமா வருது.”

“என்னம்மா?”

“ஒண்ணுக்குடா. தாங்காது. எங்கயாவது இறக்கு.”

பின்னாலிருந்து அவர், “அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான். கொஞ்சம் அடக்கிக்கங்களேன்” என்றார்.

“எழுபத்தாறு வயசுல அடக்குன்னா அடங்குமாங்க தம்பி? உங்க ஆத்தாவை இப்படிச் சொல்லுவீங்களா? சீட்டை நனைச்சுப் போடுவேன். வாடகை வண்டி. அதைக் கழுவற செலவையும் நாலு பேரும் பங்கு போட்டுக்கலாமா?”

பின்னால் அவர் காலை இழுத்துக்கொண்டது என் சீட்டில் தெரிந்தது.

“நானும் பங்கு குடுத்து ஏறினவதான். எறங்கணும்னு கேக்க எனக்கும் பாத்தியதை இருக்கு. இறக்குடா.”

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உதடு வெளியே வந்துவிட்டது. “சாரி அங்கிள், அம்மாவுக்கு முடியலை. இறங்கித்தான் ஆகணும்” என்றான். சொன்ன குரலில் ஒரு உயிர் இருந்தது. உடனே விமானத்தைச் சாய்த்துத் திருப்பினான். எனக்கு எதிரே வானம் போய்த் தரை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இறங்கினதை நான் பார்க்கவில்லை. கேட்கத்தான் செய்தேன். காற்று ஊளையிட்டது. சக்கரம் தரையில் பட்டு, எழும்பி, மறுபடி பட்டது. அந்தம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் நின்ற பிறகும் விடவில்லை.

அங்கே ஒரு தகரக் கூரைக் கட்டிடம். உள்ளே ஒரு சோபா, ஒரு காப்பி பாத்திரம், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், அவர் காலடியில் ஒரு கிழ நாய். மகன் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பெரியவர் பாத்ரூமைக் கையைக் காட்டினார். போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு வரவில்லை. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். 

அப்போதுதான் கூரை மேல் விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்று ரெண்டு. யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கொட்டிற்று. ஆலங்கட்டி. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. கட்டிடமே குலுங்கியது. இடி விழுந்தது, லைட் போய்விட்டு வந்தது. அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகனும் அந்த வெள்ளைக்காரரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு, இறக்கையைக் கயிற்றால் தரையில் கட்டிவிட்டு உள்ளே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஓடி வருகிறான் என்று பார்த்தேன். தரையில் ஓடி வருகிறான். அதற்கு அப்புறம்தான் அழுதேன்.

அந்தம்மா கதவைத் தட்டினார்கள். திறந்தேன். என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே வந்து, குழாயைத் திறந்து, தன் முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். “நல்ல வேளைம்மா, உங்களுக்கு வந்துச்சு” என்றார்கள். பிறகு மெதுவாக, “எனக்கும்தான் இறங்கணும்னு இருந்துச்சு. எனக்கு வாய் வரல” என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் அவர் ஜன்னலோரம் நின்று, நாங்கள் போயிருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வானமே இல்லை. வெறும் இருட்டு. கொஞ்சம் கழித்து ஃபோன் அடித்தது. அவர் மகள் வீட்டில் நேரம் தப்பிவிடும் என்று, மாப்பிள்ளையின் தம்பி ஹில்கிராஃப்டில் இருக்கிற நம்ம ஆட்கள் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வளையல் வாங்கிவந்துவிட்டானாம். ஃபோனிலேயே பார்த்தோம். அந்தப் பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மனையில் உட்கார்ந்திருந்தாள், “அப்பா, பத்திரமா இருக்கீங்களா?” என்று கேட்டாள். அவர் “இருக்கேன்டா, இருக்கேன்டா” என்றார். அப்புறம் ஃபோனை அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் புளிசாதத் தட்டைத் திறந்து சாப்பிட்டோம். அந்த வெள்ளைக்காரரும் சாப்பிட்டுவிட்டு, காரம் தாங்காமல் இருமிக்கொண்டே இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஹூஸ்டனிலிருந்து கார் வந்து அவர்களைக் கூட்டிப்போயிற்று. நானும் மகனும் அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் வெள்ளை வெயிலில் திரும்பி வந்தோம். முந்தின நாள் காரில் ஏறும்போது அவர் என்னைக் கும்பிட்டு, “அம்மாவுக்கு சுகர் இருக்கான்னு ஒரு டெஸ்ட் பண்ணிடுப்பா” என்று என் மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை. இந்த ஊர் தமிழ் ஆட்கள் அத்தனை பேருக்கும் என் கதை தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் போனால் எனக்கு ரெஸ்ட்ரூமுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன்னால், “ஆன்ட்டி, பாத்ரூம் அந்தப் பக்கம்” என்கிறார்கள். மருமகள் என் அலமாரியில் சத்தமில்லாமல் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறாள், பெரியவர்களுக்கு வருகிற டயப்பராம். மகன் டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தான். ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் சொன்னதை இவன் நம்பவில்லை, இன்னொரு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறான். ஒருத்தர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்காத என்னை இப்படி ஆக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டேன். அவன் அப்பனைப் போல ரோஷக்காரன். ‘அம்மா பொய் சொல்லித்தான் என்னால் இறங்க முடிந்தது’ என்று தெரிந்தால் அவன் மனசு என்ன ஆகும் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் போன வாரம் சாப்பிடும்போது அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் சிரித்துக்கொண்டே பெண்டாட்டியிடம், “அம்மாவுக்கு மட்டும் வராம இருந்திருந்தா நேரா போயிருப்போம்” என்றான்.

நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறான். சான் அன்டோனியோவுக்கு. இந்தத் தடவை கூட வருகிறது இவனைவிடப் பெரிய வேலையில் இருக்கிற ஒரு மனிதரும் அவர் அம்மாவும். பங்கு பேசி முடித்துவிட்டார்கள். மீதி இருக்கிற ஒரு சீட்டு என் பேத்திக்கு. அவளுக்குப் பத்து வயது. நான் ஏற இடமில்லை. உங்களுக்கு உடம்பு முடியாது, நீங்கள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

அதனால்தான் எழுதினேன். டேய், உங்கம்மாவுக்கு ஒரு நோவும் இல்லை. எனக்கு அன்றைக்கு வரவே இல்லை. இறக்கணும் என்று உனக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும், உன் உதட்டைப் பார்த்தேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று உன்னை வளர்த்தேன். அதில் தப்பில்லை, தரையில் அதுதான் சரி. மேலே போனால் அவர்கள் பங்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் பெரியவன் நீதான். எந்தப் பெரியவர் சொன்னாலும், நானே சொன்னாலும், மாட்டேன் என்று சொல்லு. உதட்டை மடிக்காமல் சொல்லு. பின்னால் உன் மகள் உட்கார்ந்திருப்பாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

அம்மிணி, அந்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டு இப்படி வா. சனிக்கிழமை தமிழ் ஸ்கூலில் எழுத்தெல்லாம் கற்றுக்கொண்டாய் இல்லையா? இதைச் சத்தமாகப் படிக்கணும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பரவாயில்லை. தெரியாத எழுத்து வந்தால் என்னைக் கேள். உங்கப்பன் ஹாலில்தான் அந்த வானிலைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். “ஓகே அப்பத்தா, பட் ஒய் ஸோ லவுட்?” என்கிறாய். காரணமாகத்தான். கதவைத் திறந்து வை. முதலிலிருந்து, சத்தமாகப் படி.